கார்டுக்கு ஒரு பொட்டு

மலாக்காவில் ஆயர் குரோ போகிற பஸ்ஸின் முதுகில் ஒரு கல்லூரி விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். டை கட்டிய ஒரு பையன், மடியில் கம்ப்யூட்டர், வாயில் இருக்கிற பல் அத்தனையும் வெளியே. வியாபாரமும் தெரிந்து கம்ப்யூட்டரும் தெரிந்தவர்களுக்குத்தான் இனி எதிர்காலம் என்று மூன்று மொழியில் போட்டிருக்கிறது. தமிழில் இல்லை. அது தனிக் கோபம், அதை இதோடு கலக்க வேண்டாம்.

போன வாரம் எங்கள் வீடு இருக்கிற காஜா பேராங் சாலை முனையில் அந்த பஸ்ஸுக்குப் பின்னால் என் சைக்கிள் மாட்டிக்கொண்டது. விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும்வரை அந்தப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். நான் அவனைத் திட்டினேன். வாய்விட்டே திட்டியிருக்கிறேன் போலிருக்கிறது. பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் நின்ற ஒரு மலாய்க்காரர் இரக்கத்தோடு என் பக்கம் திரும்பி, "அங்கிள், ஓக்கே கா?" என்று கேட்டார்.

ஓக்கே இல்லை. அந்தப் பையன் காசு கட்டிப் படித்து வாங்கப்போகிற வேலையை, அதற்கு யாரும் பெயர் வைப்பதற்கு முன்னாலேயே, மலாக்கா ஆற்றங்கரையில் நான் செய்துகொண்டிருந்தேன். செய்தேன் என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்குரிய நாற்காலியில் நான் ஒருநாளும் உட்காரவில்லை. காரணம் ஒரு கிண்ணம் சந்தனம். சந்தனத்தைக் கண்டால் கோபம் வருகிற இந்து மலாக்காவிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். கல்யாண வீட்டு வாசலில் பன்னீரோடு சந்தனத்தை நீட்டுகிற பெண்பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டில் ஏதோ மனத்தாங்கல் என்று உள்ளே போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்போது மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. நாட்டில் கொடி மாறியிருந்தது, எங்கள் கம்பெனியில் துரை மாறவில்லை. கப்பலில் வருகிற பால் டின், சார்டின் மீன் டின், பிஸ்கட், சிமெண்டு, கூரைத் தகரம் எல்லாவற்றையும் கடைகளுக்கும் தோட்டங்களுக்கும் மொத்தமாகக் கொடுக்கிற வெள்ளைக்காரக் கம்பெனி அது. நான் அதில் ஆர்டர் எடுக்கிறவன். புக்கிட் ரம்பாயிலிருந்து உஜோங் பாசிர் வரை என் சைக்கிள் சாயாத கடைச் சுவர் கிடையாது. எந்தச் சீன முதலாளிக்கு, அதாவது தவுக்கேக்கு, எந்தப் பிஸ்கட் ஓடும், எந்த முஸ்லிம் காக்கா கடையில் நோன்பு மாதத்தில் பால் டின் இரட்டிப்பாகப் போகும், எந்தத் தோட்டத்து ஒட்டுக்கடை மழைக்காலத்தில் சுருண்டு படுத்துவிடும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தத் தொழிலில் என் முதலீடு என் வாய்தான். நாலு பேர் சிரித்தால் ஒருவர் ஆர்டர் கொடுப்பார். அதனால் எங்கே போனாலும் முதலில் சிரிக்க வைத்துவிடுவேன். பின்னால் அந்த வாயே எனக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு மெஷின் வந்தது. இன்றைய கம்ப்யூட்டருக்குப் பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இரும்பு அலமாரி அளவுக்கு ஒன்று, மாட்டுவண்டி நீளத்துக்கு இன்னொன்று. அதற்குத் தீனி, கெட்டியான காகித அட்டைகள். நாங்கள் கார்டு என்போம். ஒவ்வொரு கார்டிலும் பொடிப்பொடியாக ஓட்டை போட்டு விஷயத்தைப் பதிந்துவிட்டால், மெஷினுக்குள் இருக்கிற கம்பித் தூரிகை அந்த ஓட்டை வழியாகத் தொட்டுப் படித்துக்கொள்ளும். பச்சைக் கோடு போட்ட கார்டு என்றால் ஒரு கடையின் பெயர். அதன் பின்னால் வரிசையாக நிற்கிற வெள்ளைக் கார்டுகள் அந்தக் கடை அந்த மாதம் வாங்கிய சரக்கு. அடுத்த பச்சைக் கார்டு வந்தால் அடுத்த கடை. கார்டுக் கட்டை மேலே வைத்து விசையைத் தட்டினால், ஒவ்வொன்றாக உருவி உள்ளே இழுத்து, கடை வாரியாகக் கணக்கை அச்சடித்துத் துப்பிக்கொண்டே இருக்கும்.

இதைப் பூட்ட வந்த வெள்ளைக்கார மெக்கானிக்குக் கம்பியெல்லாம் தெரியும், பால் டின் தெரியாது. எங்கள் துரைக்குப் பால் டின் தெரியும், கம்பி தெரியாது. சரக்குக்கு என்ன எண் கொடுப்பது, கடைகளை ஊர் வாரியாகப் பிரிப்பதா பாதை வாரியாகப் பிரிப்பதா என்று இரண்டு பேரும் ஒரு வாரம் ஒருவரை ஒருவர் மரியாதையாக முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, நடுவில் நிற்க ஓர் ஆள் தேடினார்கள். சைக்கிளோடு நான் அகப்பட்டேன்.

சிரிக்காதீர்கள், எனக்கு அந்த மெஷின் மேல் காதல் வந்துவிட்டது. தபாலில் பாடம் வரவழைத்துப் படித்தேன். எந்தக் கம்பியை எங்கே செருகினால் எந்தக் கணக்கு வரும் என்று மெக்கானிக்கின் தோளுக்குப் பின்னாலேயே நின்று கற்றுக்கொண்டேன். உஜோங் பாசிரில் சார்டின் தூங்குகிறது, புக்கிட் ரம்பாயில் போதவில்லை என்று மெஷின் அச்சடித்துக் கொடுத்த காகிதத்தோடு துரையின் அறைக்குப் போய், லோரியைத் திருப்பிவிடச் சொன்ன அன்று நான் தரையில் நடக்கவில்லை. மெக்கானிக் சிங்கப்பூருக்குத் திரும்பியபோது மெஷின் அறையைத் தற்காலிகமாக என் பொறுப்பில் விட்டார்கள். அந்தத் தற்காலிகம் என்ற சொல்லை என் மனைவி காஜா பேராங்கில் யாரிடமும் சொல்லவில்லை.

கார்டில் ஓட்டை போடுகிற வேலைக்கு ஒரு பெண் இருந்தாள். காஜா பேராங்கிலேயே செட்டி கம்பத்துக்காரி. எந்தக் காலத்திலோ வந்து மலாய் பேசத் தொடங்கிவிட்ட தமிழ் வம்சத்தின் கிராமம் அது. என்னைப்போல் அவளும் மாரியம்மனைக் கும்பிடுகிறவள்தான், ஆனால் தமிழ் வராது. அவர்கள் வீட்டில் பேசுவது ஒரு தினுசான மலாய். அதில் அண்ணன், அக்கா மாதிரி சில தமிழ்ச் சொற்கள் மட்டும் கறிவேப்பிலை போல மிதக்கும். என்னை அண்ணா என்பாள், மீதியெல்லாம் மலாய். அவள் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் தபேலாக்காரர்கள் தொழிலை விட்டுவிடுவார்கள். என் நகைச்சுவைக்குச் சிரிக்காத ஒரே ஆளும் அவள்தான்.

ஆபீசில் எல்லாருக்கும் மேலே பெரிய கிராணி. அதாவது தலைமைக் குமாஸ்தா. வெள்ளை வேட்டி போல வெளுத்த கால்சட்டை, நெற்றியில் திருநீறு, கெட்ட வார்த்தை அறியாத வாய். நல்ல மனிதர். இதைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கெட்ட மனிதராக இருந்திருந்தால் நான் என்றோ திட்டித் தீர்த்து நிம்மதியாகியிருப்பேன்.

அவரிடம் ஒரு விசித்திரம், அவரிடம் மட்டுமல்ல, அந்த ஆபீசிலேயே இருந்தது. நான் விளையாட்டாகச் சொன்னதை நம்புவார்கள். உண்மையைச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மெஷின் அறைக்கு மட்டும் ஏர்கோன் போட்டிருந்தது. காகிதம் ஈரம் குடித்தால் உப்பிவிடும், அதனால்தான் குளிர் வேண்டும் என்று நான் விளக்கியபோது, தம்பிக்குக் குளுகுளுன்னு இருக்கணும், அதுக்கு ஒரு கதை என்று சிரித்தார்கள். இறால் வாடை வீசுகிற பிளாச்சான் துவையல் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தால் மெஷினுக்குத் தும்மல் வரும் என்று ஒருநாள் சும்மா அவிழ்த்துவிட்டேன். மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்தால் குழாயடியில் வாய் கொப்பளிக்க வரிசை நின்றது. பெரிய கிராணி ஏலக்காய் மென்றுகொண்டு வருவார். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். மாறாக, வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரித்தேன்.

ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் துரை என்னைக் கூப்பிட்டார். சிங்கப்பூரிலிருந்து பெரிய டைரக்டர் வருகிறார், பூஜைக்கு மறுநாள் மெஷின் ஓடுவதைப் பார்க்கப்போகிறார் என்றார். நாடு சுதந்திரம் அடைந்துவிட்டதால் மெஷின் இலாகாவுக்கு உள்ளூர் ஆள் ஒருவரையே தலைவராகப் போடப்போகிறார்களாம். ஆறு மாதம் சிங்கப்பூரில் பயிற்சி, திரும்பி வந்தால் தனி அறை, கதவில் பதவிப் பெயர். ஓட்டத்தைச் சரியாக நடத்திக் காட்டு, உன் பெயரைத்தான் சொல்லியிருக்கிறேன் என்றார்.

வாழ்க்கையில் நான் எதையும் சிரிக்காமல் கேட்டதில்லை. பெண் கேட்டபோதுகூட ஒரு நகைச்சுவை சொல்லித்தான் கேட்டேன். இந்த நாற்காலியை மட்டும் சிரிக்காமல் ஆசைப்பட்டேன். டவுனில் போய் ஒரு டை வாங்கினேன். கட்டத் தெரியாமல் கண்ணாடி முன்னால் நின்று இழுத்ததில் கண் பிதுங்கியது, மனைவி வந்து அவிழ்த்துவிட்டாள். கோமாளி என்று ஊர் வைத்த பெயரின் மேல் அந்தக் கதவுப் பெயரை ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். இதுதான் என் மொத்தப் பேராசையும்.

ஆயுத பூஜை எங்கள் ஆபீசில் பழைய வழக்கம். தராசு, டைப்ரைட்டர், லோரி, கோடௌனில் மூட்டை இழுக்கிற கொக்கி வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். துரைகூட வந்து நின்று அவல் பொரியைக் கைநிறைய வாங்கிக்கொண்டு போவார். பெரிய கிராணிக்கு அதில் தனிக் கடமை ஒன்று உண்டு. வருஷா வருஷம் கணக்குப் புத்தகங்களைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, ஒவ்வொரு கடைக்கும் உரிய பக்கத்தின் மூலையில் ஒரு பொட்டு வைப்பார். ஒரு கடையையும் விடமாட்டார். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பது மாதிரி, ஒருத்தரை விட்டுவிட்டால் வருஷம் முழுக்க மனசு உறுத்தும் என்பார்.

அந்த வருஷம் கணக்குப் புத்தகம் இல்லை. மெஷின் அதை விழுங்கிவிட்டது. பெரிய கிராணி காலையில் சந்தனக் கிண்ணத்தோடு மெஷின் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, உங்க மிசினுக்கு எங்க வைக்கிறது?"

மறுநாள் ஓட்டத்துக்கு வேண்டிய கார்டுகளை நாங்கள் அப்போதுதான் வரிசைப்படுத்தித் தட்டுகளில் அடுக்கி முடித்திருந்தோம். பச்சை முன்னால், வெள்ளை பின்னால், கடை வாரியாக, அழகாக. வெளி மூடியில் எங்கே வேண்டுமானாலும் வையுங்கள் ஐயா, கார்டை மட்டும் தொட வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். அன்றைக்கு என்னவோ நான் ஆசிரியராகிவிட்டேன். கார்டு ஒன்றை எடுத்துக் காட்டி, ஒரு கார்டின் கனத்துக்குத்தான் மெஷின் வாய் திறக்கும், மேலே ஏதாவது ஒட்டினால் இரண்டு மூன்றாகச் சேர்ந்து உள்ளே போகும், பச்சைக் கார்டைத் தூரிகை தொடாவிட்டால் ஒரு கடையின் சரக்கு இன்னொரு கடையின் தலையில் ஏறிவிடும் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். ஏர்கோனைப் பற்றியும் சொன்னேன். கார்டுகளை வெளியே பூஜைக் கூடத்தில் கொண்டுபோய் வைக்கக்கூடாது என்றும் சொன்னேன்.

அவருக்குப் பின்னால் அவல் தட்டோடு நின்ற குமாஸ்தாக்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பெரிய கிராணியும் மீசைக்குள் சிரித்தார். "நல்லாச் சோடிக்கிறீங்க தம்பி. சந்தனம் பட்டா மிசினு பட்டினி கெடக்குமா?"

எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது. இன்றும் அந்த இடத்துக்கு வந்தால் ஏறுகிறது. அப்போதுதான் துரை என்னைக் கூப்பிட்டு, ரெஸ்ட் ஹவுசுக்குப் போய் டைரக்டருக்கு அறை சரியாக இருக்கிறதா பார்த்துவிட்டு, அப்படியே அவருக்குப் பிடித்த நண்டுக்கு உஜோங் பாசிரில் சொல்லிவிட்டு வா என்றார். கதவைத் தாண்டும்போது ஆத்திரத்தில் திரும்பி, "அப்படின்னா ஒன்னு செய்யுங்க ஐயா, ஒவ்வொரு கடைக் கார்டுக்கும் ஒரு பொட்டு வச்சிடுங்க. ஒருத்தருக்கு வச்சு ஒருத்தரை விட்டா தவுக்கேங்க கோவிச்சிக்குவாங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பெரிய கிராணி தலையை மெதுவாக ஆட்டினார். அது எனக்கு உறைக்கவே இல்லை. வெயிலில் சைக்கிளை மிதித்து நண்டுக்குச் சொல்லப் போய்விட்டேன். இலாகாத் தலைவருக்கான ஆள் நண்டு பார்க்கப் போகிறான் என்று தோன்றியதுதான், அதற்கு மேல் தோன்றவில்லை.

நான் போன பிறகு நடந்ததை அந்தச் செட்டிப் பெண் பிற்பாடு சொன்னாள். கார்டுத் தட்டுகளைப் பூஜைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பெரிய கிராணி சம்மணம் போட்டு உட்கார்ந்து, பச்சைக் கோடு போட்ட கார்டை ஒவ்வொன்றாக லேசாக நிமிர்த்தி, மூலையில் மோதிர விரலால் சந்தனம், அதன் நடுவில் குங்குமம், மறுபடி அதே இடத்தில் செருகல். ஒரு கடையையும் விடவில்லை. வரிசையும் கலையவில்லை, அந்த அளவுக்குக் கவனம். மத்தியானம் உட்கார்ந்தவர் பொழுது சாய்ந்துதான் எழுந்தாராம். இவள் குறுக்கே போய், "அண்ணா கோபிப்பார், வேண்டாம்" என்று மலாயில் சொல்லியிருக்கிறாள். "தம்பி சொல்லித்தான் செய்றேம்மா" என்று அவர் மலாயிலேயே பதில் சொல்லியிருக்கிறார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது என்பது வழக்கம். அதனால் கார்டுகள் ஈரச் சந்தனத்தோடு, ஆற்றங்கரைக் காற்றில், இரவு முழுக்க அங்கேயே அருள் வாங்கிக்கொண்டு இருந்தன.

மறுநாள் டை கட்டிக்கொண்டு போனேன். பட்டுத் துணியால் போர்த்திய தட்டுகளைப் பெரிய கிராணி தம் கையாலேயே கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் வைத்தார். துணியை விலக்கினேன். மேலிருந்து பார்த்தால் வரிசை வரிசையாக மஞ்சள் மூலைகள். ஒரு கார்டை இழுத்தேன், கூடவே இன்னொன்று வந்தது. பக்கத்தில் நின்ற செட்டிப் பெண், "மாம்புஸ்" என்றாள். செத்தோம் என்று அர்த்தம்.

துரையும் டைரக்டரும் உள்ளே வந்தார்கள். நான் துரையிடம் நேராகப் போய், இந்தக் கார்டுகள் ஓடாது, எல்லாம் ஒட்டியிருக்கிறது, எனக்கு இரண்டு நாள் அவகாசம் வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சாமி முன்னால் வைத்துச் சந்தனம் பூசிவிட்டார்கள் என்றும் சொன்னேன். துரை தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். டைரக்டர் பக்கம் திரும்பி, நான் சொன்னேனே, இவன்தான் அந்த வேடிக்கைக்காரன் என்றார். டைரக்டரும் சிரித்தார். அவர்கள் சிரிக்கச் சிரிக்க நான், உண்மைதான் சார், உண்மைதான் சார் என்றேன். சொல்லச் சொல்ல அவர்களுக்குச் சிரிப்பு கூடியது. இன்னும் இரண்டு தடவை சொல்லியிருந்தால் டைரக்டர் கண்ணைத் துடைத்திருப்பார். போதும், ஆரம்பி என்று துரை தோளில் தட்டினார்.

விசையைத் தட்டினேன். வேறென்ன செய்வது?

ஒட்டிய கார்டுகளில் சில ஜோடியாக நழுவி உள்ளே போய்விட்டன. மெஷின் கம்பீரமாக அச்சடித்தது. டைரக்டர் காகிதத்தைக் கையில் எடுத்து வாசிக்கத் தொடங்கினார். புக்கிட் ரம்பாயில் பவுடர் டின் மட்டும் வாங்குகிற ஒரு முடிதிருத்தும் கடை, பெட்டி பெட்டியாகச் சார்டின் வாங்கியிருந்தது. உஜோங் பாசிர் கோப்பிக்கடை ஒன்று ஒரு லோரி கூரைத் தகரம் எடுத்திருந்தது. இந்த ஊரில் மீனை எதற்காகத் தலைமுடியோடு சேர்க்கிறார்கள் என்று அவர் நிதானமாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மெஷினின் தொண்டையில் கார்டுகள் சிக்கின. கரகரவென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு கசங்கிய பச்சைக் கார்டுகள் விசிறி மாதிரி வெளியே பிதுங்கின. சூட்டில் சந்தனம் இளகி அறை முழுக்கக் கோயில் வாசனை. நல்ல மணம் என்று டைரக்டர் சொன்னார். அந்தக் காலையில் எங்கள் இலாகாவுக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

துரையின் அறையில் விசாரணை. பெரிய கிராணி பொய் சொல்லவில்லை, ஒரு எழுத்துகூட. இந்த ஆபீசின் வழக்கத்தைச் சொன்னார். முன்பு ஒரு கடைக்கு ஒரு பக்கம், இப்போது ஒரு கடைக்கு ஒரு கார்டு, அதனால் கார்டுக்கு ஒரு பொட்டு என்றார். யோசித்துப் பாருங்கள், நான் தபாலில் படித்த பாடத்தில்கூடப் பக்கத்துக்குப் பதில் கார்டு என்பதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. கடைசியில் ரொம்பத் தன்மையாக, மெஷின் பொறுப்பு தம்பியிடம் இருப்பதால் அவரைக் கேட்டுக்கொண்டு, அவர் சொன்னபடியே செய்தேன் என்று முடித்தார்.

துரை என்னைப் பார்த்தார். நீ அப்படிச் சொன்னாயா?

சொன்னேன், ஆனால் விளையாட்டுக்குச் சொன்னேன் என்றேன். அதற்கு முன்னால் உண்மையாகச் சொன்னதை யாரும் கேட்கவில்லை என்றேன். எது உண்மை, எது விளையாட்டு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று துரை கேட்டார். அன்று காலையில் அவருக்கே தெரியவில்லையே என்று என் நாக்கு நுனிவரை வந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன். மூட வேண்டிய நேரம் முதல் நாளே முடிந்துபோயிருந்தது.

அந்தச் சனியும் ஞாயிறும் நானும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து பச்சைக் கார்டுகள் அத்தனையும் புதிதாக அடித்தோம். அவளுக்கு அது தலையெழுத்தே இல்லை. யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தாள். நான் பெரிய கிராணியைத் திட்டிக்கொண்டே பெயர்களை வாசித்தேன், அவள் ஓட்டை போட்டாள். ஓரிடத்தில் விரலை நிறுத்திவிட்டு மலாயில், "அண்ணா, இப்ப திட்டுறது நிஜமா, விளையாட்டா?" என்று கேட்டாள். நிஜம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி அடிக்கத் தொடங்கினாள். அன்றைக்கு என்னை நம்பிய ஒரே ஆள்.

அறிவிப்பு தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் பலகையில் ஒட்டப்பட்டது. மெஷின் இலாகாத் தலைவர், பெரிய கிராணி. படித்துவிட்டு நானே சிரித்துவிட்டேன், யாரோ நம் கோமாளித் தொழிலை நமக்கே திருப்பிச் செய்கிறார்கள் என்று. விளையாட்டில்லை. துரையின் அறைக்குப் போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். மெஷினை யாருக்கு வேண்டுமானாலும் கற்றுக்கொடுத்துவிடலாம், நீயே கற்றுக்கொடு. ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் ஒருவரையும் விடாமல், நாள் முழுக்க உட்கார்ந்து கையால் தொட்டு மரியாதை செய்த பொறுப்பு இருக்கிறதே, அதைக் கற்றுக்கொடுக்க முடியாது. டைரக்டருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நீ திறமைசாலி, ஆனால் உன் வார்த்தையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை.

அதாவது, மெஷினைக் கெடுத்தவருக்கு மெஷின். கெடும் என்று சொன்னவனுக்கு அவர் கீழே நாற்காலி. இதை எந்த மெஷினில் போட்டாலும் இப்படிக் கணக்கு வராது.

பெரிய கிராணி என் மேசைக்கு வந்தார். முகத்தில் கள்ளம் கபடம் எதுவும் கிடையாது, அதுதான் என்னைக் கொன்றது.

"எங்கிட்ட வந்தா என்ன, உங்ககிட்ட வந்தா என்ன தம்பி. நம்ம ஆளுக்குத்தானே வந்துருக்கு. நீங்க மிசினைப் பாத்துக்கங்க, நான் கையெழுத்துப் பாத்துக்கிறேன்."

"சிங்கப்பூருக்கு யார் போறது?"

"அதுவும் நீங்களே போயிருக்கலாம்" என்றார் வருத்தத்தோடு. "ஆனா டிக்கட்டுல எம்பேரு போட்டுட்டாங்க."

அவர் போய், சிங்கப்பூரில் ஆறு மாதம் இருந்து, ஒரு கம்பளிச் சட்டையோடு திரும்பி வந்தார். ஏர்கோனுக்கு அது இல்லாமல் முடியவில்லையாம். கதவில் அவர் பதவிப் பெயர் பித்தளையில் பளபளத்தது. நான் உள்ளே கம்பிகளை மாற்றிச் செருகினேன். புக்கிட் ரம்பாய்க்கு எவ்வளவு சார்டின் என்று சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார். டையை மனைவி எங்கோ பத்திரமாக வைத்துவிட்டாள். இன்றுவரை நான் தேடவில்லை.

மறுவருஷம் ஆயுத பூஜை வந்தது. காலையில் கதவு திறந்தது. கம்பளிச் சட்டை, திருநீறு, கையில் கிண்ணம்.

"தம்பி, போன தடவ மாதிரி ஆயிடக் கூடாது. இந்தத் தடவ எங்க வைக்கிறதுன்னு சரியாச் சொல்லிடுங்க."

அந்தப் பெண் ஓட்டை போடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். காகிதம், ஈரம், தூரிகை என்று ஆரம்பித்தால் இவர் சிரிப்பார். இவர் சிரித்தால் பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். உண்மையைக் கோவணம் கட்டி ஆடவிட்டால்தான் இந்த ஆபீஸ் காது கொடுத்துக் கேட்கும்.

"ஐயா, இது வைணவ மிசின்" என்றேன். "சந்தனம் ஒத்துக்காது. நெத்தியில மட்டும் நாமம். ஒடம்புல, கார்டுல ஒன்னும் வைக்கப்படாது. தீட்டு."

பெரிய கிராணி மெஷினை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். "அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி" என்று என்னை லேசாகக் கடிந்துகொண்டு போய், எங்கிருந்தோ திருமண்ணும் ஸ்ரீசூர்ணமும் வாங்கிவந்து, இரும்பு மூடியின் நடுவில், கோணாமல், அளந்து, பெரிய நாமமாகப் போட்டார். கார்டுகள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற குமாஸ்தாக்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே வந்தார்கள். மறுநாள் ஓட்டத்தில் ஒரு கார்டுகூடச் சிக்கவில்லை.

துரை வந்தார். நாமத்தைப் பார்த்தார். இது என்ன என்று என்னிடம் கேட்டார்.

மெஷின் செய்த கம்பெனியின் டிரேட்மார்க் சார் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நல்லது, அழியாமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கம்பெனியை விட்டு நான் கிளம்பும்வரை, வருஷம் தவறாமல் அந்த நாமத்துக்குச் சாயம் புதுப்பிக்கிற பொறுப்பு என்னுடையதாக இருந்தது. அந்த இலாகாவில் என் பெயருக்கு எழுதிக் கொடுத்த ஒரே பொறுப்பும் அதுதான்.